சர்வதேச அமைப்பில் வேலை: போவதற்கு முன்னும் போன பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.நா. மாதிரி ஓர் அமைப்பில் வேலை என்றதும் சுற்றியிருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவது சம்பளமும் நீலக் கொடியும்தான். போகிறவர் பார்க்க வேண்டியது வேறு. ஒப்பந்தம் எந்த வகை, எத்தனை மாதத்துக்கு, அந்தப் பதவிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இதையெல்லாம் கேட்காமல் கையெழுத்துப் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

ஐ.நா. செயலகத்தில் ஊழியர் நியமனம் மூன்று வகை: தற்காலிகம், குறித்த காலம், தொடர் நியமனம். கன்சல்டன்ட்டாகப் போகிறவர் இந்த மூன்றிலும் வர மாட்டார். பக்கத்து மேசைக்காரர் செய்யும் அதே வேலையைச் செய்தாலும் விதிப்படி அவர் ஊழியர் அல்ல. சம்பளத்தோடு விடுப்பு இல்லை, ஓய்வூதிய நிதியில் கணக்கும் இல்லை. குறித்த கால நியமனம் பெற்றவருக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும், புதுப்பிப்பார்கள் என்று எதிர்பார்க்க உரிமை கிடையாது என்று பணி விதியே சொல்கிறது. பல பதவிகள் நாடுகள் விருப்பப்பட்டுத் தரும் நிதியில் ஓடுகின்றன. திட்டம் முடிந்தால் பதவியும் முடிந்தது. 2025-ல் நாடுகள் நிதியைக் குறைத்தபோது ஆயிரக்கணக்கான பதவிகள் போயின. திறமையாக வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். அதனால் வீட்டுக் கடனை ஒப்பந்தக் காலத்தைத் தாண்டி இழுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பிக்கும் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை: ஐ.நா. எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. பயிற்சிக்கு, விசாவுக்கு என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. அப்புறம் நேர்காணல். “ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று நடந்த சம்பவத்தைத்தான் கேட்பார்கள். நம்மில் பலர் அடக்கமாக “நாங்கள் செய்தோம்” என்றே பதில் சொல்கிறோம். குழு செய்தது அவர்களுக்கு வேண்டாம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் வேண்டும். “நான்” என்று சொல்லத் தயங்காதீர்கள்.

உள்ளே போன பிறகு மனதை உறுத்தும் தவறு ஒன்று உண்டு. பி-3, பி-4 (ஐ.நா.வின் நடுத்தர அதிகாரி நிலைகள்) என்று சர்வதேசப் பதவியில் வருகிறவர்கள், அந்த நாட்டிலேயே எடுக்கப்பட்ட ஊழியர்களை உதவியாளர்களாக மட்டும் பார்ப்பது. எனக்கும் இந்தப் பாடம் முதல் மாதத்திலேயே கிடைத்தது. ஓர் அரசுத் துறைக் கூட்டத்துக்குப் போய் வந்து, “திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது” என்று குறிப்பு எழுதினேன். கூடவே வந்திருந்த உள்ளூர் அலுவலர், பதினெட்டு வருடம் அங்கேயே இருப்பவர், அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். “நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவர் ஃபைலை மூடிவிட்டார், கவனித்தீர்களா? சரி சரி என்று தலையாட்டியது மரியாதைக்கு. முடியாது என்பதை இங்கே இப்படித்தான் சொல்வார்கள்” என்றார். மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அந்தக் குறிப்பு அப்படியே தலைமையகம் போயிருந்தால், கிடைக்காத ஒப்புதலை நம்பி ஆள் எடுத்திருப்பார்கள். நாம் இரண்டு மூன்று வருடத்தில் மாறிப் போய்விடுவோம். அவர்கள்தான் அந்த அலுவலகத்தின் ஞாபகம்.

இன்னொன்று, சொந்த நாடு. ஐ.நா. சாசனத்தின் 100-வது பிரிவு, ஊழியர்கள் எந்த அரசிடமிருந்தும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது என்கிறது. படிக்கும்போது சுலபமாக இருக்கும். ஆனால் உங்கள் நாட்டுத் தூதரகத்தில் தெரிந்தவர் ஒருவர் உங்கள் மொழியிலேயே போன் செய்து, “அந்த வரைவு அறிக்கையில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்” என்று கேட்கும்போது வாய் தானாகத் திறந்துவிடும். அந்த இடத்தில், “அலுவலகம் வழியாகக் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு, அழைப்பு வந்ததை மேலதிகாரியிடமும் சொல்லிவிடுங்கள். சமூக ஊடகத்தில் அரசியல் கருத்து எழுதுவதிலும் இதே நிதானம் வேண்டும். பக்கச்சார்பு இருக்கிறது என்று ஒரு தரப்பு நினைத்துவிட்டால், உங்களோடு போகும் நிவாரண வண்டியைக்கூடச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள்.

கடைசியாக, குடும்பம். வாழ்வது எவ்வளவு கடினம் என்பதை வைத்துப் பணியிடங்களை ஹெச் (தலைமையகம் போன்ற வசதியான இடங்கள்), பிறகு ஏ முதல் இ வரை என்று தரம் பிரித்திருக்கிறார்கள். இ என்றால் வாழ்க்கை மிகக் கடினமான இடம். சில இடங்களுக்குக் குடும்பத்தையே அழைத்துப் போக முடியாது. அழைத்துப் போக முடிகிற இடத்திலும் கணவருக்கோ மனைவிக்கோ வேலை பார்க்க அனுமதி கிடைக்குமா என்பது அந்தந்த நாட்டைப் பொறுத்தது. வேலையை விட்டுவிட்டுக் கூட வந்து, வருடக்கணக்கில் வீட்டிலேயே உட்கார நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை சம்பளத்தில் ஆறுவதில்லை. கையெழுத்துக்கு முன்பே வேலை அனுமதி, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவக் காப்பீடு மூன்றையும் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் எழுத்திலேயே வரட்டும்.