கடலோரக் குடியிருப்புக்குக் கூட்டரசு நிதி கேட்பது எப்படி? பினாங்குத் தீவிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே வேளையில் வந்தால், கடலில் இறங்க வேண்டிய வாய்க்கால் நீர் வீதிக்கே திரும்பிவிடும். எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) வாய்க்கால் முகப்பில் ஏற்றநீரைத் தடுக்கும் மதகும், அதையொட்டி ஒரு பம்ப் நிலையமும் வேண்டும் என்று குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பில் தொடர்ந்து கேட்டுவந்தோம். அத்திட்டம் இப்போது கூட்டரசின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. இதே வழியில் இறங்க நினைக்கும் சங்கங்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டம் கூட்டுவது, கையொப்பம் திரட்டுவது போன்றவற்றை எல்லோரும் அறிவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: கேட்கும் வேலை எந்த அரசின் அதிகாரத்தில் வருகிறது என்று பாருங்கள்

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, அதிகாரங்களைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று பிரிக்கிறது. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு உரியவை. துறைமுகம் கூட்டரசுக்கு உரியது. வடிகாலும் நீர்ப்பாசனமும் இரு அரசுகளுக்கும் உரிய பொதுப் பட்டியலில் உள்ளன. ஆகவே பூங்காவுக்கு இருக்கை கேட்கும் கடிதத்தைக் கூட்டரசின் நிர்வாக மையமான புத்ராஜெயாவுக்கு அனுப்புவதில் பயனில்லை. வெள்ளத் தடுப்புக்கும் கரையோர அரிப்புக்கும் அனுப்புவதில் பொருள் உண்டு. இவ்விரண்டையும் கவனிக்கும் வடிகால் நீர்ப்பாசன இலாகா, அதாவது நாம் வழக்கமாகச் சொல்லும் ஜே.பி.எஸ்., இப்போது எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்ற அமைச்சின்கீழ் இருக்கிறது. குடியிருப்பாளர் சங்கம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். விண்ணப்பிப்பது இலாகா, இலாகா எளிதில் கையெழுத்திடும் அளவுக்குக் கோப்பை ஆயத்தம் செய்து கொடுப்பதே நம் வேலை.

இரண்டாம் படி: சான்று

ட்ரோன் காணொளிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை கூட்டத்தில் அழகாக ஓடும், ஆனால் பொறியாளரின் கணக்குக்கு உதவா. வாய்க்கால் சுவரில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு என்று வண்ணத்தில் அளவு குறித்து, வெள்ளம் வரும்போதெல்லாம் நேரத்தோடு படம் எடுத்துவையுங்கள். அந்த நேரங்களை, தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் கடல் ஏற்றவற்ற அட்டவணையோடும், ஜே.பி.எஸ். நடத்தும் பப்ளிக் இன்ஃபோபன்ஜீர் என்ற வெள்ளத் தகவல் தளத்தின் மழையளவோடும் ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். நீர் ஏறியது மழையாலா, கடலாலா, இரண்டும் சேர்ந்ததாலா என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும். மதகு மட்டும் போதுமா, பம்பும் வேண்டுமா என்ற கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் சிக்கல் வெள்ளமன்றிக் கரை அரிப்பு என்றால், உங்கள் கரை ஜே.பி.எஸ். வகைப்பாட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டறியுங்கள். அதில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையே நெருக்கடியானது.

மூன்றாம் படி: நிலம்

பெரும்பாலான கோப்புகள் படுத்துவிடும் இடம் இதுதான். எங்கள் கோப்பும் இங்கேதான் நெடுநாள் கிடந்தது. இடம் கட்டுமானத்துக்கு ஆயத்தமாக உள்ளதா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத திட்டம், எவ்வளவு தேவையானதாக இருந்தாலும், பின்னுக்குப் போய்விடும். எங்கள் வாய்க்கால் முகப்பு வெறும் அரசு நிலம் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஜூப்பெம் எனப்படும் நில அளவை இலாகாவின் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான், மதகு நிற்க வேண்டிய இடம் சாலை ஒதுக்கு நிலத்திலும், பம்ப் நிலையத்தின் ஒரு மூலை தனியார் மனையிலும் விழுவது தெரிந்தது.

ஆகவே எந்தக் கடிதத்துக்கும் முன்னால், தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் 384-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு மனைக்கும் அது யார் பெயரில் உள்ளது என்று பதிவேட்டில் பார்க்கும் தனியார் தேடல் எடுங்கள். கோப்பில் அதிகாரப்பூர்வமாக இணைக்க வேண்டியிருந்தால் 385-ஆவது பிரிவின்படி எடுங்கள். நிலம் அரசுடையதாக இருந்தால், 62-ஆவது பிரிவின்கீழ்ப் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கி அரசிதழில் வெளியிட முடியுமா என்று மாவட்ட நில அலுவலகத்தில் கேளுங்கள். தனியாருடையதாக இருந்தால் 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் வந்துவிடும். இழப்பீடும் கால நீட்டிப்பும் அதோடு வரும். கட்டடத்தைச் சில மீட்டர் நகர்த்தினால் தனியார் மனையைத் தவிர்க்க முடியுமா என்று பொறியாளரிடம் கேட்பதே எல்லாவற்றிலும் மலிவான வழி. எங்களுக்கு அதுவே கைகொடுத்தது.

நான்காம் படி: கோப்பு ஏறும் ஏணி

மாவட்ட ஜே.பி.எஸ்.-இலிருந்து மாநில ஜே.பி.எஸ்.-க்கும், அங்கிருந்து தலைமையகத்துக்கும் அமைச்சுக்கும், பிறகு பொருளாதார அமைச்சுக்கும் கோப்பு போகும். மாநிலப் பொருளாதாரத் திட்டப் பிரிவுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். மாநிலத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பெயர் இல்லாத திட்டத்துக்காக மேலே யாரும் வாதாடமாட்டார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2026 முதல் 2030 வரையிலான 13-ஆவது மலேசியத் திட்டம். அதற்குள் ஆண்டுதோறும் புதிய திட்டங்கள் பரிசீலிக்கப்படுகின்றன. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாவதால், செப்டம்பரில் கொடுக்கும் கடிதம் அடுத்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டைத்தான் எட்டும். ஆண்டின் தொடக்கத்திலேயே கொடுங்கள். மலாயில், ஒரே பக்கத்தில், பெற்றுக்கொண்டதற்கான சாப் (முத்திரை) வாங்கிக்கொண்டு கொடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் அதிகாரி கட்டைவிரலை உயர்த்துவது பதிவாகாது.

நாடாளுமன்ற உறுப்பினரை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முன்னதாகப் போனால் அவர் கையில் எங்கள் வருத்தம் மட்டுமே இருக்கும். பிறகு போனால் கோப்பு எண் இருக்கும், அதை வைத்து அவர் மக்களவையில் கேள்வி எழுப்பலாம். 2017 நவம்பர் 4, 5-ஆம் நாள்களில் தீவு மூழ்கியபோது வராத தலைவர்கள் இல்லை. ஆனாலும் சுங்கை பினாங்கு ஆற்றின் வெள்ளத் தடுப்புப் பணிகள் கட்டங்கட்டமாக, மெதுவாகவே நகர்ந்தன.

சேர்க்கை

இதைப் படித்த சிலர், மாநிலமே பணம் திரட்டிக் கட்டக்கூடாதா என்று கேட்டிருந்தார்கள். சிறு வேலைகளுக்கு அது பொருந்தும். பெரியவற்றுக்கு எல்லை உண்டு: தெற்குக் கடலைத் தூர்த்துக் கிடைக்கும் வருவாயில் கட்டுவதாக மாநிலம் எண்ணியிருந்த எல்.ஆர்.டி. இலகு ரயில் தடத்தைக்கூட 2024 மார்ச்சில் கூட்டரசே ஏற்று, தன் ரயில் திட்ட நிறுவனமான எம்.ஆர்.டி. கார்ப்பிடம் ஒப்படைத்தது.

உள்சாலை பழுதுக்கும் இதே வழியா என்று மற்றொருவர் கேட்டார். அல்ல. அது மேரிஸ் எனப்படும் சாலைப் பராமரிப்பு மானியத்தில் வருவது. உங்கள் சாலை அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று மாநகர் மன்றப் பொறியியல் பிரிவில் கேட்டால் போதும்.

தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்துக்கும் இதே படிகளா என்று கேட்ட வாசகருக்கு: படிகள் மாறவில்லை. ஆனால் அங்கே மன்றம் செபராங் பிறை மாநகர் மன்றம். நில அலுவலகமோ வடக்கு, மத்தி, தெற்கு என்று மாவட்டத்துக்கு ஒன்று. மனை எந்த மாவட்டத்தில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு தேடலுக்குப் போங்கள். பம்ப் நிலையம் கேட்பதாக இருந்தால், அதன் மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் யார் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். நேர்காணலில் எங்களிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி அதுதான்.