பாரமான கமராவோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு: முக்காலியும் பையும்

ரொறன்ரோவில் கடைக்குள் நின்று முக்காலி பார்க்கும்போது தரை சமமாக இருக்கும். காற்று இல்லை, மணல் இல்லை, உப்புத் தண்ணீர் இல்லை. அந்த இடத்தில் எந்த முக்காலியும் நல்லதாகத்தான் தெரியும். மன்னாரில் வங்காலைப் பக்கம் சேற்றுக்குள் இறங்கி, கடற்காற்றுக்கு முன்னால் 500 மி.மீ. லென்ஸை நிறுத்தும்போதுதான் நீங்கள் வாங்கியது என்ன என்று விளங்கும். அதனால் ஊருக்கென்று முக்காலியும் பையும் வாங்குகிறவர்கள் கடையை மறந்துவிட்டு ஊரை நினைத்துக்கொண்டு வாங்க வேண்டும். உப்பு, மணல், காற்று, வள்ளம், ஓட்டோ இந்த ஐந்தையும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்று. எந்த மாதம் போகிறீர்கள்? பிள்ளைகளின் விடுமுறையை வைத்து ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள்தான் அதிகம். நல்லூர்த் திருவிழாவும் அந்தக் காலத்தில்தான் வரும். ஆனால் மன்னாருக்கும் சுண்டிக்குளத்துக்கும் வரும் வலசைப் பறவைகளின் காலம் ஏறக்குறைய ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆகஸ்டில் போகிறவர் பறவைக்கென்று பெரிய லென்ஸைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. 70-200 மி.மீ. லென்ஸ் போதும், அதற்கு நடுத்தரமான முக்காலி ஒன்று காணும். மார்கழி, தை மாதங்களில் போகிறவர்களுக்குத்தான் கீழே சொல்வது முழுதும் பொருந்தும்.

இனி உங்கள் சாமானை நிறுத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு போதும். நான் கொண்டுபோவதைச் சொல்கிறேன்: நிக்கோன் டி850 உடல் பற்றரியோடு 1,005 கிராம், 200-500 லென்ஸ் 2,300 கிராம், 70-200 எஃப் 2.8 1,430 கிராம், 24-70 எஃப் 2.8 1,070 கிராம். கூட்டினால் 5.8 கிலோ. வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் பலவற்றில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை 7 கிலோதான். மிச்சம் 1.2 கிலோ. ஆனால் நல்ல திணிப்பு வைத்த பெரிய கமராப் பை வெறுமையாகவே 2 கிலோவைத் தாண்டும். சில்லு வைத்த பை 4 கிலோவுக்கும் வரும். பை வாங்கும்போது எல்லோரும் எத்தனை லென்ஸ் பிடிக்கும் என்று பார்க்கிறார்கள். வெறும் பையின் நிறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1.5 கிலோவுக்கு மேற்பட்ட பையை நான் வாங்கவே மாட்டேன்.

நான் பாவிப்பது ஒரு சாதாரண மலையேற்றப் பை, அதற்குள் கைபிடி உள்ள ஒரு திணிப்புப் பெட்டி. இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. சில வேளை வாசலில் வைத்து, மேலே இடமில்லை, பையைக் கீழே போடுங்கள் என்பார்கள். அப்போது உள்பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாம். நிறை கூடிவிட்டால் ஒரு லென்ஸையும் பற்றரிகளையும் பெரிய சட்டைப்பை உள்ள ஜக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். மேலதிக லித்தியம் பற்றரிகள் எந்தக் காரணம் கொண்டும் சூட்கேசுக்குள் போகக்கூடாது. அது விமானப் பாதுகாப்பு விதி. ஒவ்வொன்றும் 100 வாட் அவருக்கு உட்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான கமராப் பற்றரிகள் அதற்கு மிகக் கீழே, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. முனைகளில் ரேப் ஒட்டி, கையோடு வையுங்கள்.

முக்காலியை சூட்கேசில் போடுங்கள். கைப்பையில் கொண்டுபோகலாம் என்று சிலர் சொல்வார்கள். போகும்போது விட்டுவிடுவார்கள், திரும்பி வரும்போது இன்னொரு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையில் மறித்தால் என்ன செய்வது? அதனால் மடித்த நீளம் முக்கியம். தலையை, அதாவது கமராவைப் பூட்டும் மேல்பகுதியை, கழற்றிய பிறகு 60 செ.மீ.க்குள் இருந்தால் பெரிய சூட்கேசுக்குள் சரிவாக வைக்கலாம். கால்களைச் சாரம், துவாய் என்று சுற்றினால் திணிப்பும் ஆயிற்று. தலையைத் தனியாக ஒரு காலுறைக்குள் போட்டு நடுவில் வையுங்கள்.

சரி, எந்த முக்காலி?

பெட்டியில் எழுதியிருக்கும் தாங்கும் நிறையை அப்படியே நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பனியும் தன் முறையில் அளந்து போடுகிறது, ஒன்றை மற்றதோடு ஒப்பிட முடியாது. உங்கள் கமராவும் லென்ஸும் சேர்ந்த நிறைக்கு மூன்று மடங்காவது எழுதியிருக்கட்டும், அது குறைந்த எல்லை. என் கமராவும் 200-500ம் 3.3 கிலோ, ஆகவே 10 கிலோவுக்குக் குறைந்ததைத் தொடமாட்டேன். அதைவிட நம்பத்தக்க அளவு மேல்காலின் குழாய் விட்டம். 70-200 வரைக்கும் 28 மி.மீ. போதும். 400, 500 என்று போனால் 32 மி.மீ. வேண்டும். இதில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். மெல்லிய காலில் பெரிய லென்ஸை வைத்தால், விலை கூடிய லென்ஸ் எடுக்கும் படமும் கலங்கித்தான் வரும்.

கால்களுக்கு நடுவே மேலே உயர்த்தும் நடுத்தண்டு வேண்டாம். அதை உயர்த்தினால் மூன்று காலில் நிற்பது ஒற்றைக் காலில் நிற்பது போல ஆகிவிடும், மன்னார்க் காற்றுக்கு அது ஒரு நிமிடமும் அசையாமல் நில்லாது. நடுத்தண்டு இல்லாவிட்டால் கால்களை விரித்து நிலத்தோடு படுக்கவும் வைக்கலாம். நாரையையும் உள்ளானையும் அதன் கண்மட்டத்தில் இருந்து எடுத்தால்தான் படம் உயிரோடு இருக்கும். உயரம் போதுமா என்று கவலைப்பட வேண்டாம். தலையும் கமராவும் சேர்ந்து 20, 25 செ.மீ. கூடும். 170 செ.மீ. உயரமான ஒருவருக்கு 135 செ.மீ. கால் தாராளமாகப் போதும்.

காபனா அலுமினியமா என்று கேட்பார்கள். நிறை வித்தியாசம் அரைக் கிலோ அளவில்தான் வரும், அதற்காக மட்டும் என்றால் அலுமினியமே போதும் என்பேன். எனக்குக் காபன் வேண்டியதாகப் போனது உப்பால். முதல் தடவை ஊருக்குக் கொண்டுபோனது அலுமினியக் கால், அதுவும் நெம்பிப் பூட்டும் வகை. ஒரு காலைப்பொழுது முழுதும் களப்புத் தண்ணீரில் நிறுத்திப் படம் எடுத்தேன். வந்து துவாயால் துடைத்துவிட்டு மூலையில் சாத்தினேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் கீழ்க்கால் இரண்டு இழுபடவில்லை. மூட்டைச் சுற்றி வெள்ளையாக மா பூத்தது போல இருந்தது. அலுமினியம் உப்பில் அரித்தால் அப்படித்தான் பூக்கும். சித்தப்பா சைக்கிள் திருத்தும் சாமான்களைக் கொண்டுவந்து, கிணற்றடியில் இருந்து ஒரு பின்னேரம் முழுதும் மினைக்கெட்டார். ஒரு காலைத்தான் மீட்க முடிந்தது.

அன்றிலிருந்து திருகிப் பூட்டும் காபன் கால்தான். திருகு மூட்டை ஆயுதம் இல்லாமல் கையால் கழற்றி, உள்ளிருக்கும் பிளாஸ்ரிக் துண்டுகளை எடுத்துக் கழுவி, திரும்பப் போடலாம். போக முன்னர் வீட்டில் ஒரு தடவை கழற்றிப் பூட்டிப் பழகுங்கள். அந்தத் துண்டுகளுக்குத் திசை உண்டு, மாறிப் போட்டால் பூட்டு இறுகாது. முதல் தடவை கழற்றும்போது போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் நல்லது.

தண்ணீருக்குள்ளோ மணலுக்குள்ளோ நிறுத்துவதானால் இன்னொன்றையும் செய்யுங்கள். வழக்கமாக நாங்கள் மேலே உள்ள தடித்த காலைத்தான் முதலில் இழுப்போம். இங்கே அடியில் உள்ள மெல்லிய காலை முழுதாக இழுங்கள். அப்போது பூட்டு மூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும், உப்பும் மணலும் உள்ளே போகாது. சேற்றில் கால் புதைந்தால் மூன்று தேங்காய்ச் சிரட்டை போதும். வாய் மேலே பார்க்க அழுத்தி வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காலை வையுங்கள். ஊரில் எந்த வீட்டுக் குசினியின் பின்பக்கத்திலும் சிரட்டை கிடக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அன்றே கழுவ வேண்டும். எந்தக் கிணறு என்று கேட்டுக் கழுவுங்கள். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரில் உப்பைக் கழுவி என்ன பயன்? நல்ல தண்ணீர்க் கிணற்றில் இரண்டு வாளி அள்ளி ஊற்றி, மூட்டுகளைத் திறந்து, நிழலில் உலரவிடுங்கள்.

காற்றுக்குப் பாரம் தொங்கவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. முக்காலியின் நடுவில் உள்ள கொழுக்கியில் கமராப் பையையே கொழுவிவிடுவார்கள். காற்றில் பை ஆடும், பையோடு முக்காலியும் ஆடும். அதைவிட 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கயிற்றில் கட்டி, அடி நிலத்தில் மெல்ல முட்டும்படி தொங்கவிடுங்கள். ஆடாது. தாகத்துக்கும் உதவும்.

தலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்துத் தலையில் பெரிய லென்ஸைப் போட்டுப் பிடியைத் தளர்த்தினால் லென்ஸ் சடாரென்று குப்புற விழும், விரல் இடையில் அகப்பட்டால் நசுங்கும். பறவைக்கு ஊஞ்சல் போல ஆடும் கிம்பல் தலைதான் சரி. ஒரு கிலோவுக்கு மேல் பாரம் வரும், ஆனாலும் அந்தப் பாரம் வீண் போகாது. கமராவைத் தலையோடு இணைக்கும் தட்டு, பல கம்பனித் தலைகளுக்கும் பொருந்தும் ஆர்க்கா சுவிஸ் வகையாக இருக்கட்டும். கமரா, லென்ஸ் எல்லாவற்றிலும் ஒரே தட்டுப் போட்டுவிட்டால் ஒன்றைத் தொலைத்தாலும் மற்றது கைகொடுக்கும். அதை இறுக்கும் சின்னச் சாவியை இரண்டாகக் கொண்டுபோங்கள்.

முக்காலி வேண்டாத இடங்களும் உண்டு. நல்லூரில் 25 நாளும் வீதி நிறையச் சனம். அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்கள் நிலத்தில் உருண்டு வருவார்கள், தேரன்று வடம் பிடிக்கிறவர்கள் முன்னால் பார்க்காமல் இழுத்துக்கொண்டு வருவார்கள். விரித்த மூன்று கால் அங்கே ஆளை விழுத்தும். ஒற்றைக்கால் தாங்கி ஒன்றோடு நில்லுங்கள். கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், ஆகவே உள்ளே போகும்போது பையை வைத்துக்கொண்டு வெளியில் நிற்க நம்பிக்கையான ஓர் ஆள் தேவை.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடல் வழியாக ஒரு மணித்தியாலம் அளவில் போகும். குதிரைகளைப் பார்க்கப் பெரிய லென்ஸோடு போகிறவர்கள் கவனியுங்கள். வள்ளத்தில் அரிசி மூட்டை, சைக்கிள், காஸ் சிலிண்டர் எல்லாம் ஒன்றாகத்தான் வரும். அடித்தட்டில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து நிற்கும். பையை மடியில் வைக்க முடிய வேண்டும். மடியில் அடங்காத பை ஊருக்குச் சரிவராத பை, ஓட்டோவுக்கும் இதே கணக்குத்தான். கீழேதான் வைக்க வேண்டும் என்றால் ஓர் உரப்பையை விரித்து அதன் மேல் வையுங்கள். பையோடு வரும் மழைத்துணி முதுகுப் பக்கத்தை மூடாது, ஆகவே உள்பெட்டியைப் பெரிய சொப்பின் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள்.

முதுகுப் பக்கத்தால் திறக்கும் பை நல்லது. மணலில் முதுகுப் பக்கம் மேலே பார்க்க வைத்துத் திறந்தால், திரும்ப மாட்டும்போது முதுகில் மணலும் சேறும் ஒட்டாது. இடுப்புப் பட்டி அகலமாக, உண்மையாகவே பாரம் தாங்குவதாக இருக்க வேண்டும். முக்காலியோடு 10 கிலோ வரும் சுமையை அந்த வெயிலில் தோளால் மட்டும் சுமக்க முடியாது. வாங்கிய பையில் முழுச் சாமானையும் போட்டு ஒரு மணித்தியாலம் நடந்து பாருங்கள். கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் தவணை முடிய முன்னரே அதைச் செய்யுங்கள்.

ஏசி அறையில் இருந்த கமராவை விடிய வெளியே எடுத்தால் உடனே வியர்த்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளிச்சூட்டில் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கட்டாயம், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

இன்னொரு விஷயம் மனதில் வைத்திருங்கள். வடக்கில் காணி என்பது மெத்த நொந்த பிரச்சினை. வயல் வரம்பிலோ கடற்கரையிலோ முக்காலியோடு ஓர் அறியாத ஆள் நின்றால், காணி அளக்க வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். முல்லைத்தீவில் வட்டுவாகல் பக்கம் ஒரு நாள் விடிய ஒரு அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, "தம்பி, ஆர் அனுப்பினது?" என்று கேட்டார். அவருடைய கை வேலிக் கதியாலை இறுகப் பிடித்திருந்தது. கமராவின் பின்பக்கத் திரையில் கொக்கைக் காட்டிய பிறகுதான் அந்தக் கை தளர்ந்தது. அதனால் முக்காலியை விரிக்க முன்னர் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். படை முகாம், கடற்படை இறங்குதுறைப் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள்.

கனடாவிலிருந்து போகிறவர்கள் விமான நிலையத்தில் எல்லைச் சேவையிடம் கமரா, லென்ஸ் தொடர் இலக்கங்களைக் காட்டி பிஎஸ்எஃப் 407 என்ற அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இவை இங்கிருந்து கொண்டுபோனவை என்பதற்கு அது அத்தாட்சி. திரும்புவதற்கு முதல்நாள் முக்காலியின் அடிக்கூர்களைக் கழற்றி, பழைய பற்தூரிகையால் சேறு எல்லாம் போகத் தேய்த்துக் கழுவுங்கள். மண் ஒட்டிய பொருளைக் கனடாவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். இரவு முழுதும் விறாந்தையில் காயவிட்டு, காலையில் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் சூட்கேசில் வையுங்கள்.