பழைய பொம்மைக் கார்களை வாங்கும்போதும் விற்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தாத்தா மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது பிள்ளைகள் விளையாடிய சாமான்களை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு கார், உள்ளங்கை நீளம், தங்க நிறம். கோர்கி கம்பெனி செய்த ஜேம்ஸ்பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின். என் 17 வயதில், மோட்டார் பட்டறையில் மிச்சம் கிடந்த ஸ்ப்ரேயை எடுத்து அதற்கு வெள்ளி நிறம் அடித்தேன். சினிமாவில் வந்த கார் வெள்ளி நிறம்தானே, இதற்கு யாரோ தப்பாகச் சாயம் அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்தக் கார் பிறந்ததே தங்க நிறத்தில்தான். 1965-இல் 261 என்ற எண்ணோடு வெளிவந்தது. வெள்ளி நிறத்தில் விட்டால் சாயம் பூசாத வெறும் உலோகம் போலத் தெரியும் என்று கம்பெனியே தங்க நிறத்தைத் தேர்ந்தெடுத்தது. வெள்ளி நிறத்தில் அவர்கள் பிறகு செய்தது 1968-இல் வந்த 270. அதில் சக்கரத்திலிருந்து நீளும் கத்தியும் சுழலும் எண் பலகையும் உண்டு. நான் ஸ்ப்ரே அடித்த கார் 261-ஆகவும் இல்லை, 270-ஆகவும் இல்லை. ஸ்ப்ரேயைக் கரைத்து எடுக்கலாம் என்றால் அதோடு அடியில் இருக்கும் பழைய சாயமும் கரைந்து வந்துவிடும். கூரை மூடி திறக்கும் இடத்தின் உள்விளிம்பில் மட்டும் நகக்கண் அளவுக்குத் தங்க நிறம் இன்றும் மிச்சம் இருக்கிறது.

அதனால்தான் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது, சாயத்தில் கை வைக்காதீர்கள் என்பதுதான். சாயம் உதிர்ந்த, ஓரம் தேய்ந்த அசல் கார், பளபளக்கும் புதுப்பூச்சுக் காரைவிட எப்போதும் மேல். சேகரிப்பவர்கள் தேடுவது தொழிற்சாலையிலிருந்து வந்த அந்தப் பூச்சைத்தான். வாங்கும்போது இதையே திருப்பிப் பாருங்கள். கதவு, பானெட், டிக்கி திறக்கும் கார் என்றால் அதன் உள்மூலைகளை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்ப்ரே அங்கே சரியாக நுழையாது. பிறகு காரைக் கவிழ்த்து, அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவிட்டைப் பாருங்கள். அசல் ரிவிட்டின் தலை காளான் குடை மாதிரி மழமழவென்று இருக்கும். நடுவில் துளை போட்டிருந்தால், திருகாணி தெரிந்தால், பசை வழிந்திருந்தால், யாரோ பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்படிப் பிறர் கைபட்டு மாறிய காரை இந்த வட்டாரத்தில் ‘கோட் த்ரீ’ என்பார்கள். அதை வாங்குவது தவறில்லை. அசல் விலை கொடுத்து வாங்குவதுதான் தவறு.

கழுவுவதிலும் இதே அவசரம்தான். தின்னர், பித்தளை பாலிஷ், பற்பசை எதுவும் வேண்டாம். பம்பரிலும் விளக்கிலும் இருக்கும் வெள்ளிப் பளபளப்பு பல கார்களில் பிளாஸ்டிக் மேல் படிந்த மெல்லிய பூச்சு. நாலு தேய்ப்பில் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மிருதுவான தூரிகை, அது போதும். ஊற வைக்கக் கூடாது. அச்சுக் கம்பி துருப்பிடிக்கும், ஒட்டியிருக்கும் படம் உரியும். காற்றாடிக்குக் கீழே நன்றாக உலர்ந்த பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும்.

அடுத்து, அடித்தகட்டில் இருக்கும் ஆண்டை நம்பி ஏமாறுவது. எனக்கு வரும் படங்களில் பாதி இப்படித்தான்: “அண்ணே, 1974 ஹாட் வீல்ஸ் இருக்கு, எவ்வளவு போகும்?” திருப்பிப் பார்த்தால் ஆண்டுக்குப் பக்கத்தில் ‘மலேசியா’ என்று இருக்கும். அந்த ஆண்டு, காரை வார்க்கும் அச்சின் உரிமை பதிவான ஆண்டு. அதே அச்சிலிருந்து பிறகு பல வருடம் கார் வார்த்துக்கொண்டே இருப்பார்கள். 1968-இல் வந்த முதல் 16 ஹாட் வீல்ஸ் கார்களும் அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் செய்யப்பட்டவை. நம் பினாங்கு பிறையில் ஹாட் வீல்ஸ் செய்யும் மேட்டல் கம்பெனியின் தொழிற்சாலை வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. டயர் ஓரத்தில் சிவப்பு வளையம் ஓடும் ‘ரெட்லைன்’ வகை 1977-ஓடு நின்றுவிட்டது. ஆண்டு, நாடு, சக்கரம் மூன்றும் ஒத்துப்போனால்தான் வயதைச் சொல்ல முடியும்.

மேட்ச்பாக்ஸ் காருக்கும் இதே கணக்குத்தான். அந்தச் சின்ன கார் வரிசை 1953-இல் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குத் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்பதால், கம்பெனியை நடத்தியவர்களில் ஒருவரான ஜாக் ஓடல் தன் மகளுக்காகக் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பெயர். மேட்ச்பாக்ஸைச் செய்த லெஸ்னி கம்பெனியின் பெயரும் இங்கிலாந்து என்ற சொல்லும் அடியில் இருந்தால் அது லெஸ்னி கம்பெனி 1982-இல் நொடித்துப் போவதற்கு முந்தைய கார். மக்காவ், சீனா, தாய்லாந்து என்று இருப்பவை பிறகு வந்தவை. சக்கரத்தையும் பாருங்கள்: முதலில் உலோகம், பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், அதன் பிறகு கறுப்பு. வேகமாக ஓடும் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ சக்கரம் 1969-இல் தொடங்கியது. பல எண்களில் ஒரே கார் சாம்பல் சக்கரத்தோடு ஒரு விலை, கறுப்புச் சக்கரத்தோடு இன்னொரு விலை. இது தெரியாமல் சக்கரத்தை மாற்றிப் போட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிங்கி என்ற இங்கிலாந்துப் பொம்மைக் கார்களில் இன்னொரு கண்ணி உண்டு. லிவர்பூலில் இருந்த தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. பல வருடம் கழித்து அட்லஸ் என்ற நிறுவனம் பழைய டிங்கி கார்களை அதே மஞ்சள் பெட்டியோடு அச்சு அசலாகப் புதிதாக வெளியிட்டது. அவை நல்ல பொம்மைகள்தான், பழையவை அல்ல. பெட்டியின் அட்டை 60 வருடம் இந்த வெக்கையில் கிடந்தது போல இல்லாமல் விறைப்பாக, வெள்ளையாக இருந்தால் நிதானியுங்கள்.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மத்தியானம் வெயில், சாயங்காலம் மழை, தகரக் கூரை. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிவைத்தால் பாதுகாப்பு என்று நினைப்போம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தைக் கூடப் போட்டுவைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். அந்த ஆவி ஜன்னல் கண்ணாடி, இருக்கை மாதிரியான பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ரப்பர் பேண்டும் கூடாது. அது உருகிச் சாயத்தோடு ஒட்டிக்கொள்ளும். சில கார்களின் மிருதுவான டயர் நாள்பட நாள்பட நிற்கும் பிளாஸ்டிக் தட்டையே அரித்துக் குழியாக்கும். நடுவில் ஒரு துண்டு காகிதமாவது வையுங்கள்.

ஒரு நோய்க்கு மட்டும் மருந்து இல்லை. இந்தக் கார்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அந்தக் காலத்தில் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து, வீங்கி, தொட்டால் நொறுங்கும். போருக்கு முந்தைய 1930-களின் டிங்கிகளில் இது அதிகம். ஈரமும் வெக்கையும் அதை வேகப்படுத்தும். மயிரிழை விரிசல், வளைந்த உடல், சாயத்துக்கு அடியில் கொப்புளம் தெரிந்தால் வாங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் காருக்கு இது தொற்றாது. அந்தப் பயம் வேண்டாம்.

விற்பதற்கு வருகிறேன். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபோன வீடுகளில்தான் இந்தப் பெட்டிகள் வெளியே வருகின்றன. பழைய இரும்பு லாரிக்காரரிடம் கிலோ கணக்கில் போய்விடுகின்றன. ஒருமுறை ஒரு பாட்டி பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டி, “எல்லாம் சேத்து பத்து வெள்ளி குடு தம்பி” என்றார். உள்ளே சாம்பல் சக்கரத்தோடு நாலு லெஸ்னி கார்கள். ஒன்றில் மண் கூடப் போகவில்லை, செம்மண், டயர் இடுக்கில். “பாட்டி, இது ஒண்ணே அதுக்கு மேல போகும்” என்று சொல்லி உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் காட்டினேன். தெரியாதவரிடம் தெரிந்தவர் அமுக்கி வாங்குவதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட மிகக் கெட்ட பழக்கம். தோட்டத்து ஜனம் ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் கதவைத் திறக்கிறது.

விலை பார்க்கும்போது, இணையத்தில் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். கேட்பது ஆசை. ‘விற்று முடிந்தவை’ என்று தனியாகக் காட்டும் பட்டியலைப் பாருங்கள், அதிலும் உங்கள் கார் மாதிரியே நிலைமையில் இருப்பதை. பெட்டி இருந்தால் காரிலிருந்து பிரித்து விற்காதீர்கள். கிழிந்த மடிப்பை டேப் போட்டு ஒட்ட வேண்டாம். அந்தக் காலத்துக் கடைக்காரர் பென்சிலில் எழுதிய விலையையும் அழிக்க வேண்டாம். சின்னச் சாமான்கள்தான் பெரும்பாலும் தொலைகின்றன: அந்த 261-இல் இருக்கையோடு தெறித்து விழும் வில்லன் பொம்மை இல்லை என்றாலே விலை சரியும். டின்னைக் கொட்டி, அடியில் கிடக்கும் தூசியைக் கூடத் துழாவிவிட்டு விலை சொல்லுங்கள்.

படம் எடுக்கும்போது அடித்தகட்டைக் கட்டாயம் எடுங்கள், உதிர்ந்த இடங்களையும். முடிந்தால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைக்கு ஒருமுறை போய்க் கையில் எடுத்துப் பார்த்துப் பழகுங்கள். தபாலில் அனுப்பினால் குமிழ் உறையைக் காரின் மேல் நேராகச் சுற்றாதீர்கள். லாரிச் சூட்டில் குமிழின் வட்டம் சாயத்தில் பதிந்துவிடும். முதலில் மெல்லிய வெள்ளைத் தாள், அதற்கு மேல் குமிழ் உறை, பிறகு கார் ஆடாத அளவுக்கு இறுக்கமான அட்டைப்பெட்டி. மூடுவதற்கு முன் பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் மறுபடி பிரியுங்கள்.