தினைக் கிண்ணத்தை ஊதிப் பாருங்கள்

பட்ஜி வளர்க்கிறீர்களா? கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பார்களே, அதேதான். தினமும் காலையில் தினைக் கிண்ணத்தை வெளியே எடுத்துப்போய் லேசாக ஊதிவிடுங்கள். நிறைய இருந்தால் முறத்தில் போட்டுப் புடைக்கலாம்.

பட்ஜி தினையை அலகாலேயே உரித்து உள்ளிருப்பதைத் தின்றுவிட்டு, உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், ஆனால் பறவை பட்டினி கிடக்கும். அவ்வளவு சின்ன உடம்புக்கு ஒரு நாள் பட்டினிகூட ஆபத்து. ஊதினால் அடியில் மிச்சமிருக்கும் நல்ல தினையும் குப்பைக்குப் போகாது.

எச்சம் விழுந்திருந்தாலோ, ஈரம்பட்டு வாடை அடித்தாலோ யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். முளைகட்டிய தானியத்துக்கும் இப்படி ஊதிவிட்டு மறுபடி வைப்பது சரிவராது. சில மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.