வெற்றியா, டிராவா? இறுதியாட்டத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சதுரங்க இறுதியாட்டம் (சில காய்களே மீந்திருக்கும் கடைசிக் கட்டம்) ஒன்றை ஆராய உட்காருபவர்களில் பலர் முதலில் செய்வது காய்களை எண்ணுவதுதான். தவறும் பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வெள்ளையிடம் எச் வரிசைச் சிப்பாயும் வெள்ளைக் கட்டங்களில் செல்லும் மந்திரியும் கூடுதலாக இருந்தாலும், கறுப்பு ராஜா, அந்தச் சிப்பாய் ராணியாக மாற வேண்டிய எச்8 மூலைக்குப் (எச் வரிசையின் எட்டாவது கட்டம்) போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் டிராதான். அந்த மூலை கறுப்புக் கட்டம் என்பதால் மந்திரியால் ராஜாவை அங்கிருந்து கிளப்ப முடியாது, மிகவும் நெருக்கினால் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலேயே நகர வழியில்லாத டிரா நிலை) ஆகிவிடும். ஆகவே காய்க்கணக்குக்கு முன்பே, தற்காப்பவர் ஓடி ஒளியக்கூடிய இடம் எது, அதை அவர் எட்டுவாரா என்று பார்த்துவிட வேண்டும்.

யாருடைய முறை என்பதைக் குறிக்காமல் ஒரு நிலையைப் பற்றி வாதிடுவது இன்னொரு தவறு. வெள்ளை ராஜா இ5, அதன் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7 என்று இருக்கும்போது, கறுப்பு நகர்த்த வேண்டியிருந்தால் வெள்ளை வெல்லும். வெள்ளையின் முறையென்றால் டிரா.

மனப்பாடம் செய்த விதியை, அதன் காரணத்தை அறியாமல் பயன்படுத்துவதால்தான் அதிகமான அரைப் புள்ளிகள் பறிபோகின்றன என்பது என் கருத்து. இதற்கு யானை இறுதியாட்டங்களே சாட்சி. வெள்ளை யானை ஏ8இலும் அதன் சிப்பாய் ஏ7இலும் இருக்க, கறுப்பு யானை அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் அதே வரிசையில் காவல் நிற்கிறது என்று கொள்வோம். கறுப்பு ராஜா ஜி7இல் இருந்தால் வெள்ளையால் முன்னேற முடியாது, ஏனெனில் வெள்ளை ராஜா நெருங்கி வந்தால் பின்னாலிருந்து தொடர்ந்து செக் வரும், ஒதுங்க இடமும் இருக்காது. அதே ராஜா ஒரு கட்டம் தள்ளி எஃப்7இல் நின்றால், வெள்ளை தன் முறையில் யானையை எச்8க்குக் கொண்டுபோகும். கறுப்பு சிப்பாயை வெட்டினால் எச்7இலிருந்து செக் வைத்து யானையையே பிடித்துவிடும். ஒரு கட்ட வித்தியாசம்தான், ஆனால் தீர்ப்பு தலைகீழாகிறது.

இனி, சிப்பாய் ஏ7க்குப் போகாமல் ஏ6இலேயே நின்றால், செக்கிலிருந்து தப்ப வெள்ளை ராஜாவுக்கு ஏ7 என்ற ஒதுங்கிடம் கிடைக்கிறது. பின்னாலிருந்து காக்கும் முறை அப்போது போதாது. அங்கே கறுப்பு யானை எஃப்6 போன்ற கட்டத்தில் நின்று சிப்பாயைப் பக்கவாட்டிலிருந்து தாக்கவும், வெள்ளை ராஜா அதைக் காக்க வந்தால் பக்கவாட்டிலேயே செக் கொடுக்கவும் வேண்டும். 1924இல் வெளியான, செக் நாட்டு ஆய்வாளர் வான்சுராவின் பெயரால் வழங்கும் தற்காப்பு இதுதான். "யானை சிப்பாய்க்குப் பின்னால் நிற்க வேண்டும்" என்ற பாடத்தை மட்டும் நம்புபவர் இந்த டிராவைக் காணவே மாட்டார்.

புத்தகத் தீர்ப்பை இறுதியானதாகக் கொள்வதும் ஆபத்தே. இரண்டு மந்திரிகளை எதிர்த்து ஒரு குதிரை தாக்குப்பிடிக்கும் என்று, கிளிங், ஹார்விட்ஸ் ஆகிய இருவர் 1851இல் காட்டிய தற்காப்பு நிலையை வைத்து, நூறாண்டுக்கும் மேலாக நம்பப்பட்டது. 1983இல் கணினி அறிஞர் கென் தாம்ப்சன் கணினியால் அலசியபோது, பொதுவாக மந்திரிகளே வெல்லும் என்றும், அதற்கு 66 நகர்வுகள் வரை தேவைப்படலாம் என்றும் தெரிந்தது. ஆனால் எந்தக் காயும் வெட்டப்படாமலும் எந்தச் சிப்பாயும் நகராமலும் 50 நகர்வுகள் கடந்தால் டிரா கோரலாம் என்பது போட்டி விதி. எனவே தத்துவத்தில் வெற்றி என்பதும் பலகையில் வெற்றி என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆராய்பவர் இவற்றில் எதைச் சொல்கிறார் என்று தெளிவாக்க வேண்டும்.

இந்தக் காலத்தின் பெருந்தவறு, கணினி "+3" (வெள்ளைக்கு மூன்று சிப்பாய் அளவு முன்னிலை) என்று காட்டியதும் ஆராய்ச்சியை முடித்துக்கொள்வது. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களுக்குள் உள்ள நிலைகளுக்கு 2018இல் நிறைவடைந்த சிசிஜி (Syzygy) என்னும் இறுதியாட்டத் தரவுத்தளம் திட்டவட்டமான விடை தருகிறது. அதற்கு மேல் இருப்பது மதிப்பீடு மட்டுமே. எதிரெதிர் நிற மந்திரிகள் (ஒருவருடையது வெள்ளைக் கட்டங்களிலும் மற்றவருடையது கறுப்புக் கட்டங்களிலும் செல்பவை) உள்ள அடைபட்ட நிலைகளில் அந்த எண் பெரிதாகவே நின்றாலும் ஆட்டம் நகராமல் இருப்பதுண்டு. சந்தேகம் வந்தால், கணினியை இருபக்கமும் முப்பது நகர்வுகள் ஆடவிட்டுப் பாருங்கள்: எண் ஏறாமல் காய்கள் முன்னும் பின்னும் அலைந்தால், தற்காப்பவர் உடைக்க முடியாத அரண் ஒன்றை அமைத்திருக்கக்கூடும். அப்போது அந்த அரணை உடைக்க எந்தச் சிப்பாயை எந்தக் கட்டத்தில் பலி கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றாக நீங்களே நகர்த்திப் பார்ப்பதுதான் மீதமுள்ள வேலை.