இரத்த அழுத்தத்தைக் கூட்டிக் காட்டிய கைப்பட்டை

அப்பாவின் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால்தான் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு குறையும் என்பதால், வீட்டிலேயே அளக்க ஒரு மின்னணுக் கருவி வாங்கினேன். மருத்துவமனையில் 132/84 என்று இருந்த அளவு, வீட்டில் நாள்தோறும் 150-க்கு மேலேயே நின்றது. பொதுவாக மருத்துவர் முன்னால்தான் பதற்றத்தில் அழுத்தம் கூடும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

முதலில் பேட்டரியை மாற்றினேன். பிறகு ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தினோம்; நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதால், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். காப்பி குடித்த அரை மணி நேரத்துக்குள் அளப்பதையும் தவிர்த்தோம். ஐந்து நாள் கழிந்தும் எண் இறங்கவில்லை.

ஆறாம் நாள் பட்டையைக் கழற்றும்போது, அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் 22–32 செ.மீ. என்று அச்சிட்டிருப்பதைக் கண்டேன். தையல் நாடாவால் அப்பாவின் மேற்கையை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், அளந்தபோது 35 செ.மீ. இருந்தது. கைக்குச் சிறிதான பட்டை தமனியை அழுத்தி மூடக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படுவதால், கருவி உண்மையைவிட அதிகமாகவே காட்டும். அதே கருவிக்குப் பொருந்தும் பெரிய பட்டையை வாங்கி, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்தபின் அளந்தோம்: 134/82.

நல்ல வேளையாக, மாத்திரையின் அளவை நாங்களாகக் கூட்டியிருக்கவில்லை. புதிய பட்டையில் எடுத்த ஒரு வார அளவுகளைப் பார்த்த மருத்துவரும் அதை மாற்றவில்லை.