புயல் வருமுன் பள்ளிக்கூடத்தைத் தயார் செய்வது எப்படி?

கடலோரக் கிராமங்களில் புயல் என்றால் ஜனங்கள் ஓடி வருவது பள்ளிக்கூடத்துக்குத்தான். பல ஊர்களில் நம்பி ஒதுங்கக்கூடிய கான்கிரீட் கட்டடம் அது ஒன்றுதான். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய சாயங்காலம், கைக்குழந்தைகளோடு நாங்கள் ஒரு பூட்டிய பள்ளிக்கூடத்தின் முன் நின்றுகொண்டிருந்தோம். சாவி இருபது கிலோமீட்டர் தள்ளி ஒருவர் வீட்டில் இருந்தது. கடைசியில் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். அதனால் இந்தச் செய்முறை சாவியில் தொடங்குகிறது.

படி 1: சாவியும் ஆட்களும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள். சாவிக் கொத்து மூன்று வேண்டும். ஒன்று தலைமை ஆசிரியரிடம், ஒன்று பள்ளிக்கு அடுத்த வீட்டில், இன்னொன்று ஊராட்சித் தலைவரிடமோ வி.ஏ.ஓ.விடமோ இருக்கட்டும். கழிப்பறைச் சாவியும் சத்துணவுக் கூடச் சாவியும் அதே கொத்தில் இருக்க வேண்டும். வகுப்பறையைத் திறந்துவிட்டுக் கழிப்பறையை மறந்தால் பெண்கள் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

அடுத்தது, தானாக நடந்து வர முடியாதவர்களின் பட்டியல். தனியாக வாழும் முதியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் யார் யார் என்பது அங்கன்வாடி ஊழியருக்கும் கிராம செவிலியருக்கும் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரை அழைத்து வருபவர் பெயரையும் எழுதுங்கள். “இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று பொதுவாக எழுதினால் யாரும் போக மாட்டார்கள். பிரசவ தேதி நெருங்கியவர்களைப் பள்ளிக்கு அழைத்து வராமல், முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 2: கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை

கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டச் சொல்லுங்கள். ஓட்டுக் கட்டடத்தையும் தகரம் போட்ட கொட்டகையையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரிடர் முகாம்களுக்கான சர்வதேச அளவு, ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர். அப்படிப் பார்த்தால் 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் பத்துப் பேர்தான் தங்கலாம். ஒரே ஒரு ராத்திரிக்கு முப்பது பேர் நெருக்கியடித்து உட்காரலாம்தான், ஆனால் நான்கு நாள் தங்க முடியாது. ஊருக்குப் போதாது என்றால் பக்கத்தில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையம் எங்கே என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

படி 3: எச்சரிக்கையைப் படிக்கப் பழகுதல்

புயல் உருவாகக்கூடும் என்றால் இந்திய வானிலை ஆய்வு மையம் 72 மணி நேரம் முன்பே முதல் தகவல் தரும். 48 மணி நேரத்துக்கு முன் உஷார் செய்தி, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை. முதல் தகவல் வந்ததும் பட்டியலைக் கையில் எடுங்கள். 48-இல் தண்ணீர், அரிசி, மெழுகுவர்த்தி, டார்ச். 24-இல் ஆட்கள் உள்ளே வந்துவிட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை (ரெட் அலர்ட்) வந்த பிறகு கூட்டம் போட்டுப் பேசிப் பயனில்லை.

விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். வாட்ஸ்அப்பில் அதற்கு முன்பே நாலு முறை விடுமுறை விட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். அவசர உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் சுவரில் பெயின்டால் எழுதிவிடுங்கள்.

படி 4: தண்ணீர்

மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. எனவே தொட்டியை முதலில் நிரப்புங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3 லிட்டர் வேண்டும். 200 பேர், இரண்டு நாள் என்றால் 1,200 லிட்டர். கழிப்பறைக்குத் தனி. அண்டா, குடம், பிளாஸ்டிக் டிரம் எது கிடைத்தாலும் நிரப்பி மூடிவையுங்கள்.

படி 5: பதிவேடுகள்

சான்றிதழ்களையும் சேர்க்கைப் பதிவேட்டையும் பாலித்தீன் பையில் கட்டி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். கணினியும் தரையில் இருக்கக் கூடாது.

படி 6: புயல் ராத்திரி

மெயின் சுவிட்சை அணையுங்கள். ஜன்னல் ஓரம் யாரும் படுக்க வேண்டாம். காற்று திடீரென்று நின்றுவிட்டால் ‘அப்பாடா’ என்று வெளியே ஓடாதீர்கள். புயலின் கண் நம் தலைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். மாடு அவிழ்க்கவும் கூரை பார்க்கவும் கிளம்புகிறவர்களைத் தடுக்கக் கதவருகே இரண்டு பேரை உட்கார வையுங்கள்.

விடிந்ததும் அறுந்து கிடக்கும் கம்பி எதையும் தொட விடாதீர்கள். சுவரில் விரிசல் இருக்கிறதா, ஓரமாகப் பாம்பு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பிள்ளைகளுக்கு வகுப்பு.

படி 7: ஒத்திகை

இதைப் புயலுக்காகக் காத்திருக்காமல் செப்டம்பரில் ஒரு சாயங்காலம் இருட்டிய பிறகு செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரரை டார்ச் வெளிச்சத்தில் கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் சாவி பூட்டுக்குப் பொருந்தவே இல்லை. இடையில் யாரோ புதுப் பூட்டு மாற்றியிருந்தார்கள்.